தாயில்லாக் குட்டிகள்

பெங்களூரின் வடமேற்கில் பீன்யா இருக்கிறது. ஒரு காலத்தில் அது வயல் சூழ்ந்த கிராமம். 1970-களில் அங்கே தொழிற்பேட்டை வந்தது. சிறியதும் பெரியதுமாகப் பட்டறைகள் பெருகின. 2014-இல் மெட்ரோ ரயிலும் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை இது. பல வீடுகளில் நடப்பதை ஒரு வீட்டில் வைத்துச் சொல்கிறோம்.

அந்த வீட்டில் ஐந்து பேர். கணவன் பட்டறையில் வேலை. மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வேலை. பத்து வயதில் ஒரு மகன், ஏழு வயதில் ஒரு மகள். இவர்களோடு கணவனின் தாய். பிள்ளைகள் அவரை ஆயா என்பார்கள். ஆயா தர்மபுரிப் பக்கத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். அறுபது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றுக்கொண்டார்.

பெண்கள் சங்கத்தில் கடன் வாங்கி ஒரு சினை ஆடு வாங்கினார்கள். குட்டிகளை வளர்த்து விற்றுக் கடனை அடைப்பது என்பது திட்டம்.

அந்த இரவு

மார்கழிக் குளிரில் ஓர் இரவு ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. தாய் ஆடு எழுந்திருக்கவே இல்லை. விடிவதற்குள் இறந்துவிட்டது.

மருமகள் அழுதாள். "கடன் வாங்கின ஆடு போயிடுச்சே அத்தை!"

"அழுதா ஆடு திரும்புமா, கண்ணு? குட்டி ரெண்டும் இருக்கு. முதல்ல அதைப் பாரு" என்றார் ஆயா.

குட்டிகளைப் பழைய சாக்கால் துடைத்தார். மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை எடுத்தார். தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவினார். தொப்புள் வழியாகக் கிருமி உள்ளே போகும். அதைத் தடுக்கவே இந்த மருந்து.

முதல் பால்

அடுத்த வேலை சீம்பால். குட்டி போட்டவுடன் சுரக்கும் மஞ்சள் நிறப் பால்தான் சீம்பால். ஆட்டுக்குட்டி பிறக்கும்போது அதன் உடலில் நோயை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய இல்லை. அந்தச் சக்தி சீம்பால் வழியாகத்தான் வருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நல்லது. நேரம் போகப் போகக் குட்டியின் குடல் அந்தச் சக்தியை ஏற்பது குறையும். ஒரு நாள் கழிந்தால் அநேகமாக ஏற்காது.

தாய் இறந்துவிட்டது. சீம்பாலுக்கு எங்கே போவது? அடுத்த தெருவில் ஒரு கன்னடக்கார அம்மா வீட்டில் முந்திய நாள்தான் பசு கன்று போட்டிருந்தது. மருமகள் ஓடினாள். அந்த அம்மா கின்னு செய்ய வைத்திருந்த சீம்பாலில் பாதியைக் கொடுத்தார். ஆட்டுச் சீம்பால் கிடைக்காவிட்டால் மாட்டுச் சீம்பால் கொடுக்கலாம்.

மருமகள் அதை அடுப்பில் வைத்தாள். ஒரு பங்கு கெட்டியாகத் திரண்டுவிட்டது. "அடுப்புல வைக்காதே. கின்னு ஆயிடும்" என்றார் ஆயா. மீதிச் சீம்பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். அந்தக் கிண்ணத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தார். சீம்பால் வெதுவெதுப்பானது.

குட்டி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோ எடை. முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் வேண்டும். அதாவது 200 மில்லி. 50 மில்லி வீதம் நான்கு முறை புட்டியில் கொடுத்தார்கள். இரண்டும் குடித்தன. வெள்ளைக் குட்டிக்கு வெள்ளச்சி என்றும், கறுப்புக் குட்டிக்குக் கருப்பி என்றும் பிள்ளைகள் பெயர் வைத்தார்கள்.

கருப்பி

ஒரு வாரம் நன்றாகப் போனது. ஒன்பதாம் நாள் ஆயா ஊருக்கு ஒரு சாவுக்குப் போனார். அன்று காலை நல்ல குளிர். தகரக் கொட்டகையில் கருப்பி சுருண்டு கிடந்தது. புட்டியைக் கொடுத்தால் சப்பவில்லை.

அம்மா வேலைக்குப் போய்விட்டாள். பசியோடு இருக்கிறதே என்று பையன் பதறினான். குட்டியின் தலையை அண்ணாந்து பிடித்தான். வாயைத் திறந்து டம்ளரால் பாலை ஊற்றினான். மூக்கு வழியாகப் பால் வந்தது. கருப்பி இருமியது.

மாலையில் மூச்சு வேகமாக வாங்கியது. சளிதான், தானே சரியாகும் என்று இருந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கருப்பி இறந்தது. பையன் அன்று சோறு தின்னவில்லை.

தண்ணீர்ப் பால்

வெள்ளச்சி மட்டும் மிஞ்சியது. மாதக் கடைசி வந்தது. கையில் காசு இல்லை. பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தார்கள். தெம்பு வரட்டும் என்று கொஞ்சம் ராகிக் கஞ்சியும் கலந்தார்கள். காலையில் மருமகள் கொடுப்பாள். இரவு வேலை முடித்து வரும் கணவன், யாரும் கொடுக்கவில்லை என்று நினைத்து இன்னொரு புட்டி கொடுப்பான். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் கொடுப்பார்கள்.

வெள்ளச்சிக்குக் கழிச்சல் கண்டது. வால் முழுக்க ஒட்டியிருந்தது. கண் உள்ளே போயிற்று. ஊரிலிருந்து திரும்பிய ஆயா குட்டியின் கழுத்துத் தோலை இழுத்து விட்டார். தோல் உடனே பழைய நிலைக்குப் போகவில்லை. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

"இன்னொண்ணையும் சாகவிடக் கூடாது. கிளம்பு" என்றார். குட்டியைச் சால்வையில் சுற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

டாக்டரம்மா குட்டியைச் சோதித்தார். பிறகு கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால் கொடுக்கிறீங்க? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

"அதுதாம்மா நோய்" என்றார் டாக்டரம்மா. கருப்பியின் கதையையும் கேட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. பால் செரிப்பது நான்காவது அறையில். குட்டி தானாகச் சப்பிக் குடிக்கும்போது தொண்டைக்குக் கீழே ஒரு வாய்க்கால் போல் மடிந்துகொள்ளும். பால் அதன் வழியாக நேராக நான்காவது அறைக்குப் போகும். வலிந்து ஊற்றினால் அந்த வாய்க்கால் சரியாக மூடாது. பால் வேறு அறைக்குப் போய்ப் புளிக்கும். இன்னும் மோசமானால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போகும். கருப்பிக்கு வந்த நோய் அதுவாகத்தான் இருக்கும்.

"அப்போ சப்பாத குட்டிக்கு எப்படிங்க பால் கொடுக்கறது?" என்று ஆயா கேட்டார்.

"குட்டி வாயில விரலை வெச்சுப் பாருங்க. வாய் ஜில்லுன்னு இருந்தா பால் கொடுக்காதீங்க. உடம்பு குளிர்ந்தா செரிக்காது. முதல்ல சூடு உண்டாக்குங்க. சுடுநீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வையுங்க. உடம்பு சூடானதும் தானே சப்பும். அப்பவும் சப்பலைன்னா உடனே இங்க கொண்டு வாங்க."

பையன் தலை குனிந்து நின்றான். டாக்டரம்மா அவன் தோளைத் தட்டினார். "நீ பசிக்குன்னுதான் ஊத்தினே, தம்பி. உனக்கு யாரும் சொல்லித் தரலை. இனிமே நீ நாலு பேருக்குச் சொல்லு."

கழிச்சல் ஏன் வந்தது?

காரணங்கள் பல. தண்ணீர் கலந்த பாலில் சத்துப் போதாது. பசித்த குட்டி அடுத்த வேளை அவசரமாகக் குடிக்கும். அதிகம் குடித்தால் செரிக்காத பால் குடலில் கிருமிகளை வளர்க்கும். வயிறு உப்பும். கழிச்சல் வரும். மூன்று வாரக் குட்டிக்கு ராகிக் கஞ்சி சரியாகச் செரிக்காது. கழுவாத புட்டியும் ஒரு காரணம். பால் ஒட்டிய ரப்பர் காம்பில் கிருமி வேகமாகப் பெருகும்.

டாக்டரம்மா மருந்து கொடுத்தார். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் கொடுத்தார். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை கொடுக்க வேண்டும். பாலோடு கலக்கக் கூடாது. பாலுக்கும் கரைசலுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

"கழிச்சல்ல இரத்தம் வந்தா வீட்டு வைத்தியம் பார்க்காதீங்க. இரத்தக் கழிச்சல் நோயா இருக்கலாம். ஈரத் தரையில, சாணம் சேர்ந்த இடத்துல அது பரவும். தரை காய்ந்து இருக்கணும்" என்றும் சொன்னார்.

சுவரில் தொங்கிய நோட்டு

வீடு திரும்பியதும் ஆயா பேத்தியிடம் ஒரு பழைய நோட்டு வாங்கினார். கயிறு கட்டிக் கொட்டகைச் சுவரில் தொங்கவிட்டார். ஒரு பென்சிலும் கட்டினார். பால் கொடுப்பவர் நேரத்தையும் அளவையும் எழுத வேண்டும். எழுதாமல் யாரும் கொடுக்கக் கூடாது. கழிச்சல் இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

முதல் வரியை ஆயாவே எழுதினார்: "காலை 6 மணி. 100 மில்லி. குடித்தது."

எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் இரவு வேலை முடித்து வந்த மகன் அதைப் படித்தான். இரண்டாவது புட்டி கொடுக்காமல் படுத்தான்.

நோட்டின் பின் அட்டையில் மருமகள் ஓர் அட்டவணை எழுதினாள்.

முதல் வாரம், எடை 2 கிலோ: ஒரு முறைக்கு 50 மில்லி, நாளைக்கு 5 முறை.
மூன்றாம் வாரம், எடை 3 கிலோ: ஒரு முறைக்கு 100 மில்லி, நாளைக்கு 4 முறை.
இரண்டாம் மாதம், எடை 5 கிலோ: ஒரு முறைக்கு 200 மில்லி, நாளைக்கு 3 முறை.
மூன்றாம் மாதம்: பாலைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துதல்.

மூன்றாம் வாரம் முதல் அகத்தி, சூபாபுல், மல்பெரித் தழைகளைக் கொத்தாகக் கட்டிக் குட்டியின் வாய் உயரத்துக்குத் தொங்கவிட்டார்கள். தழை தின்னத் தின்னத்தான் முதல் அறையான பெருவயிறு வளரும். அது வளர்ந்த பிறகே பாலை நிறுத்த வேண்டும். நல்ல தண்ணீரும் எப்போதும் வைத்தார்கள்.

பட்டறைக் கேன்டீனில் மிஞ்சும் சோறு சும்மாவே கிடைக்கும். அதை ஆட்டுக்குக் கொட்டுகிறவர்கள் உண்டு. சோறு அதிகம் தின்றால் பெருவயிறு புளித்து, பெரிய ஆடே செத்துப்போகும். சோற்றோடு பிளாஸ்டிக் பையும் வயிற்றுக்குள் போகும். ஆயா ஒரு கவளம்கூட வாங்கவில்லை.

மூன்று மாதத்தில் வெள்ளச்சி 8 கிலோ ஆனது. குடற்புழு மருந்து கொடுத்தார்கள். நான்காம் மாதம் ஆட்டுக்கொல்லி நோய்க்கும், துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி போட்டார்கள். வெள்ளச்சியை விற்கவில்லை. அதுவே இனி தாய் ஆடு. மருமகள் மிகுநேர வேலை பார்த்துக் கடன் தவணையைக் கட்டினாள்.

இப்போது அந்தத் தெருவில் யார் வீட்டில் குட்டி தாயை இழந்தாலும் பையனைத்தான் கூப்பிடுகிறார்கள். அவன் முதலில் குட்டியின் வாயில் விரலை வைத்துப் பார்க்கிறான்.

நினைவில் கொள்வோம்

1. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள்.
2. குளிர்ந்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகு பால்.
3. பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.
4. புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும். ஒழுகக் கூடாது.
5. குட்டி நின்றபடி, தலையைச் சற்றே உயர்த்திச் சப்பட்டும். வாயில் ஊற்றாதீர்கள்.
6. பாலில் தண்ணீர் கலக்காதீர்கள். பாலை மாற்ற நேர்ந்தால் மூன்று நான்கு நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.
7. ஒவ்வொரு முறையும் புட்டியையும் காம்பையும் சுடுநீரில் கழுவுங்கள். உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
8. குட்டி சோர்ந்தாலும், மூச்சு வாங்கினாலும், வயிறு உப்பினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க 1962 என்ற எண் உள்ளது. பெங்களூர் ஹெப்பாளில் 1958-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

கணக்குப் போடுவோம்

ஒரு நாள் பாலின் அளவு, எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 4 கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை மில்லி பால் வேண்டும்? அதை நான்கு முறையாகப் பிரித்தால் ஒரு முறைக்கு எவ்வளவு?

பேசுவோம்

1. சீம்பாலை மருமகள் அடுப்பில் வைத்ததும் என்ன ஆயிற்று? ஆயா அதை எப்படிச் சூடாக்கினார்?
2. கருப்பி ஏன் இறந்தது? அன்று காலை என்ன செய்திருக்க வேண்டும்?
3. நோட்டு வந்த பிறகு அந்த வீட்டில் என்ன மாறியது?
4. உங்கள் வீட்டில் எந்த வேலைக்கு இப்படி ஒரு நோட்டு உதவும்?