விளையாட்டிற் கண்காப்பு: சட்டம் வேண்டுமா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியிலே, சோளத்தட்டு அறுத்துப் போர் போட்ட பின்னர்க் காலியாய்க் கிடக்கும் மேட்டுக்காடுகளெல்லாம் சிறுவர்க்கு ஆடுகளங்களாக மாறிவிடுகின்றன. மூன்று குச்சிகளும் ஒரு மட்டையும் ஒரு டென்னிஸ் பந்தும் கிடைத்தாற் போதும். பொழுது சாயுமளவும் ஆட்டம் ஓயாது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலே இத்தகைய டென்னிஸ் பந்தாட்டத்தில் வளர்ந்த நடராஜன் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலே இந்திய அணிக்காகப் பந்து வீசியதும், 2023-இல் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் திடல் அமைத்துத் தந்ததும் யாவரும் அறிந்தனவே. இப்பக்கத்துச் சிறுவர்க்கு ஆட்டத்தின்பால் ஆர்வம் மிகுந்திருத்தலில் வியப்பொன்றுமில்லை. டென்னிஸ் பந்திலே தொடங்குவோருட் பலர் சில ஆண்டுகளில் தோற்பந்திற்கு மாறுகின்றனர். கை கால்களிற் படும் அடி பெரும்பாலும் ஆறிவிடும். கண்ணிற் படும் அடி அவ்வாறன்று.

விளையாடும் சிறார் கண்காப்பு அணிந்தே தீரவேண்டுமென அரசு சட்டஞ் செய்தல் தகுமா என்னும் வினா மேனாடுகளில் எழுந்து, சிலவிடங்களில் விடையும் பெற்றுள்ளது. அதனை நம் பக்கத்து நிலைமையோடு பொருத்தி ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். கண்காப்பு என்று யாம் ஈண்டுக் குறிப்பது, எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லைகளை உறுதியான சட்டகத்திற் பொருத்தி, தலையைச் சுற்றிப் பட்டையாற் கட்டிக்கொள்ளும் கண்ணாடியை. வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதனுள் அடங்காது. வில்லையின்றி வெறுஞ் சட்டமாய் இருப்பதும் பயன்படாது. வேகமாய் வரும் சிறு பந்து அவ்விடைவெளியிற் புகுந்துவிடும்.

கண்ணுக்குத் தீங்கு நேரும் முறையை முதற்கண் அறிதல் நலம். கண்குழியின் வாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அகலமுடையது. அதனைச் சுற்றியுள்ள எலும்பு விளிம்பே இயற்கை நமக்கு அளித்த கவசம். கிரிக்கெட் பந்து ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் குறுக்களவு உடையதாகலின், அதன் அடியிற் பெரும்பகுதியை அவ்விளிம்பு தாங்கும். ஆயினும் எலும்பே உடைதலுமுண்டு. டென்னிஸ் பந்து மெத்தென்றிருப்பதால் அஞ்சவேண்டுவதில்லை எனப் பலரும் எண்ணுவர். மெத்தென்றிருப்பதே அதன் தீமை; மோதியவுடன் நசுங்கிக் குழியினுள் பிதுங்குகின்றது. ஸ்குவாஷ் பந்தோ 4 சென்டிமீட்டரே உடையது. கண்குழிக்கென்று அளந்து செய்தாற்போல உட்செல்லும். இறகுப்பந்தின் தக்கைமுனை மூன்று சென்டிமீட்டருங் கூட இல்லை. அதன் எடை ஐந்து கிராம் அளவேயாயினும், வலையருகே நிற்பவன் இமை மூடுவதற்குள் வந்து தாக்கும். இவ்வாறு தாக்குண்ட கண்ணின் முன்னறையில் இரத்தங் கசியலாம், வில்லை இடம்பெயரலாம், விழித்திரை கிழியலாம். அன்றைக்கு நலமாகிவிட்டதெனத் தோன்றிய கண்ணில், பல ஆண்டுகள் கழித்து நீரழுத்தம் மிகுந்து பார்வை மங்குவதும் உண்டு. சிறு வயதில் அடிபட்டவர் ஆண்டுதோறும் கண்ணைக் காட்டி வரவேண்டுமென மருத்துவர் கூறுவது இதுபற்றியே.

இவற்றினும் கொடியது நம் கிட்டிப்புள். இப்பக்கத்துச் சிறுவர் கில்லி என்பர். இருமுனையும் கூராகச் சீவிய அச்சிறு மரத்துண்டு, கோலால் நெம்பப்பட்டு மேலெழுந்து, மீண்டும் அடியுண்டு பறக்குங்கால் எத்திசை செல்லுமென அடித்தவனும் அறியான். எதிரே அதனைப் பிடிக்க நிற்பவனோ முகத்தை மேல்நோக்கி, கண்களை அகலத் திறந்தே நிற்கின்றான். பந்தினால் நேர்வது பெரும்பாலும் மோதற் காயம்; புள்ளினால் விழிக்கோளமே துளைபடவுங் கூடும். ஈர்க்குச்சியை அம்பாக்கி எய்யும் விளையாட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே.

தேர்ச்சி மிக்கோர்க்கு இது நேராது என்பாரும் உளர். 2000-ஆம் ஆண்டு டாக்காவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியிலே, கும்ப்ளே வீசிய பந்து இந்திய விக்கெட் காப்பாளர் சபா கரீமின் வலக்கண்ணைத் தாக்கி, அவரது ஆட்டவாழ்வை விரைவில் முடித்தது. 2012-இல் இங்கிலாந்தின் டான்டன் நகரிலே, தென்னாப்பிரிக்க விக்கெட் காப்பாளர் மார்க் பவுச்சரின் இடக்கண்ணில், குச்சிகளின் மேலிருந்து தெறித்த சிறு மரத்துண்டு பட்டது. அவர் அத்தோடு பன்னாட்டு ஆட்டத்தினின்றும் விலகினார். மரத்துண்டினால் நேர்ந்த இப்பின்னைய விபத்து நம் கிட்டிப்புள்ளை நினைவூட்டவில்லையா? உலகத் தரத்து ஆட்டக்காரர் இருவர்க்கே இந்நிலையாயின், கரடுமுரடான காட்டிலே, பந்து எவ்வாறு எழும்புமென அறியவியலாத தரையிலே, குச்சிகளுக்கு மிக நெருங்கிக் குந்தியிருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றி என் சொல்வது!

இனி, சட்டத்தைப் பற்றிக் கருதுவோம். கண்காப்பைச் சட்டத்தால் விதித்தல் நமக்குப் புதிதன்று. நாமக்கல்லிலே லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளையும், திருச்செங்கோட்டிலே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைச் செப்பனிடும் பட்டறைகளையும் அறியாதார் இப்பக்கத்தில் இரார். பற்றவைப்பின் ஒளியும், அரைக்குங்கால் தெறிக்கும் இரும்புப்பொறியும் தொழிலாளர் கண்ணுக்குப் பகை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 35-ஆவது பிரிவிலே, இத்தகைய வேலைகளுக்குத் தக்க கண்ணாடியோ மறைப்போ கொடுக்கப்பட வேண்டுமென அரசு விதி செய்ய இடம் வகுத்தது. அச்சட்டத்தின் போக்கை உற்று நோக்குக. கண்ணாடியைத் தேடிக்கொள்ளும் பொறுப்பைக் கூலியாளின் தலையில் அது சுமத்தவில்லை. வேலை வாங்குவோனே கொடுக்கவேண்டும் என்றது. எல்லாப் பட்டறைகளிலும் அது கைக்கொள்ளப்பட்டதா என்பது வேறு வினா; வெறுங்கண்ணோடு பற்றவைப்போரைச் சாலையோரத்தில் யாவருங் காண்கின்றோம். எனினும் பொறுப்பு யாருடையது என்பதில் அச்சட்டத்திற்கு ஐயமில்லை.

பிற நாடுகளில் நிகழ்ந்ததும் அறியத்தக்கது. கனடா நாட்டிலே பனிக்கட்டியின்மேல் ஆடும் ஹாக்கியிற் சிறுவர் பலர் கண்ணிழந்தனர். டொரண்டோவின் கண் மருத்துவர் டாம் பாஷ்பி என்பார் 1970-களிலே அவ்விபத்துக்களைக் கணக்கெடுத்து வெளியிட்டு, முகக்காப்பிற்குத் தரம் வகுக்கவும் உழைத்தார். அப்பதின் ஆண்டுகள் முடிவதற்குள் சிறுவர் ஆட்டங்களில் முகக்காப்பு கட்டாயமாயிற்று. தரமான முழு முகக்காப்பு அணிந்தோரிடையே கண்ணிழப்பு ஏறக்குறைய இல்லையென்றே ஆயிற்று. அமெரிக்கப் பள்ளிகளின் பெண்கள் வளைகோற்பந்தாட்டத்தில் 2011-ஆம் ஆண்டு முதல் கண்காப்பு விதிக்கப்பட்டது. அங்கும் கண்காயம் குறைந்தமையை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். இவை யாவும் ஆட்டத்தை நடத்தும் சங்கங்கள் செய்த விதிகளே. அரசு செய்த சட்டங்கள் அல்ல. சட்டமாகவே செய்தது அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலம். 2006-ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த அச்சட்டமும் எல்லாச் சிறுவரையுங் கட்டுப்படுத்தவில்லை. பார்வைக்குறைவினால் மூக்குக்கண்ணாடி அணியும் சிறார், பள்ளியிலோ ஊர்ச்சங்கத்திலோ குறித்த சில ஆட்டங்களை ஆடுங்கால் காப்புக் கண்ணாடி அணியவேண்டும் என்றது.

நம் மாநிலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உலக ஸ்குவாஷ் சங்கம் இளையோர் போட்டிகளிற் கண்காப்பைக் கட்டாயமாக்கியுள்ளது. ஆகவே சென்னை ஸ்குவாஷ் கழகத்திலே பயிலும் சிறுவனும் சிறுமியும் போட்டிக்குக் கண்ணாடியின்றி இறங்குதல் இயலாது. போலீசாரும் இல்லை, அபராதமும் இல்லை. கண்ணாடி இல்லையேல் ஆட்டம் இல்லை, அவ்வளவே. எல்லாரும் அணிதலின் ஒருவரையொருவர் எள்ளுதற்கும் இடமில்லை. இது சிறு செய்தியன்று. நம் பள்ளிகளிலே கண்ணாடி அணிந்த பிள்ளையைச் 'சோடாபுட்டி' என்றழைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பெண்குழந்தையின் பார்வைக்குறையை மணத்தை எண்ணி மறைக்கும் பெற்றோரும் இருக்கின்றனர். ஒருவனுக்கு மட்டும் அறிவுரை கூறினால் அவன் அணியான். அனைவர்க்கும் விதித்தால் அணிவான். கட்டாயத்தின் சார்பிற் கூறத்தக்க காரணங்களுள் இதுவே வலியதென யாம் கருதுகின்றோம்.

ஆயின், எல்லாச் சிறுவர்க்கும் எல்லாவிடத்தும் பொருந்தும் அரசாங்கச் சட்டம் ஒன்று வேண்டுமா? யாம் வேண்டாமென்போம். தலைக்கவச வரலாறு நமக்குப் பாடம். உயர்நீதிமன்ற ஆணையையொட்டி 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டில் இருசக்கர வண்டியோட்டிகள் தலைக்கவசம் அணிதல் மும்முரமாக வற்புறுத்தப்பட்டது. கடைகளில் தரமானதும் அல்லாததும் ஒருங்கே விற்றன. தர முத்திரையற்ற தலைக்கவசங்கள் விற்கலாகா என்னும் மத்திய அரசின் ஆணை 2021-இலேதான் நடைமுறைக்கு வந்தது. இன்றும் சேலம் ஐந்து ரோட்டிலே சிறிது நேரம் நின்று பார்ப்போர், போலீசார் கண்ணிற் படுமளவும் வண்டியின் கைப்பிடியிலேயே தொங்கும் கவசங்களைக் காணலாம். நெடுஞ்சாலையிலேயே இவ்வாறாயின், கிட்டிப்புள் ஆடும் மேட்டுக்காட்டில் யார் சென்று காவல் புரிவார்? அபராதம் யாரிடம் வாங்குவது, ஆடு மேய்க்கும் தந்தையிடமா?

வேறொரு தடையும் உண்டு. அஃது இதனினும் பெரிது. கடுமையான சட்டம் வரின், பொறுப்பேற்க அஞ்சும் பள்ளிகள் ஆட்டத்தையே நிறுத்திவிடும். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களின் விடுதிப் பள்ளிகள் தேர்வு மதிப்பெண்ணிற்குப் பெயர் பெற்றவை. அவற்றுட் சிலவற்றில் விளையாட்டு நேரம் என்பது கால அட்டவணையில் மட்டுமே வாழ்வது. ஆட்டத்தை நிறுத்துதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தால் அவை விடா. அதனால் கண் பிழைக்குமா? பிழையாது. சீன நாட்டுக் குவாங்சோ நகரின் பள்ளிகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விடப்பட்ட சிறாருள், மூன்றாண்டுகளிற் கிட்டப்பார்வை அடைந்தோர் நூற்றுக்கு 30.4, அவ்வாறு விடப்படாதோருள் 39.5. இது 2015-இல் வெளியாயிற்று. வெளியின் வெளிச்சமே வளரும் கண்ணுக்கு மருந்தென இப்போது அறிஞர் ஒப்புகின்றனர். பந்தினின்று கண்ணைக் காப்பதாகக் கூறிப் பிள்ளையைப் புத்தகத்தின் முன் பூட்டி வைப்பது, காக்க எண்ணிய கண்ணையே வேறு வழியிற் கெடுப்பதாகும்.

ஆகவே, பொறுப்பைச் சிறுவன்மேலும் பெற்றோர்மேலும் சுமத்தாது, ஆட்டத்தை நடத்துவோர்மேல் வைக்கும் விதியே தக்கது. இதற்குப் புதுச்சட்டமும் அத்துணை வேண்டுவதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு வகுப்பிற்கும் வேண்டிய விளையாட்டுக் கருவிகளைப் பள்ளி கொடுக்கவேண்டும் என்கின்றது. மட்டையும் வலையும் கருவியாயின், கண்காப்பும் கருவியே. அதனைப் பட்டியலிற் சேர்த்தற்கு அரசாணை ஒன்று போதும். விளையாட்டு என்பது அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் அடங்கிய பொருளாதலின், தமிழ்நாடு அரசு இதற்கு எவரையும் கேட்க வேண்டுவதில்லை. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளிலே, இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்திற்குக் கண்காப்பும், தோற்பந்துக் கிரிக்கெட்டில் மட்டைக்காரர்க்கும் விக்கெட் காப்பாளர்க்கும் முகக்கம்பியுடன் கூடிய தலைக்கவசமும் ஆட்டவிதியாயின், ஊதலைக் கையில் வைத்திருக்கும் நடுவரே அதனை நிறைவேற்றுவார்.

இருவகைச் சிறார் விஷயத்தில் மட்டும் யாம் கண்டிப்பை வேண்டுகின்றோம். முதலாவது, ஒரு கண்ணிலே மட்டும் நல்ல பார்வையுடையோர். குறையுள்ள கண், கண்ணாடியிட்ட பின்னரும் 6/12 என்னும் அளவை எட்டாதாயின், அச்சிறுவன் கண்காப்பின்றி எப்பந்தாட்டமும் ஆடலாகாது என்பது மருத்துவர் துணிபு. அவனுக்கு நல்ல கண் போயின் அனைத்தும் போம். இரண்டாவது, மூக்குக்கண்ணாடியோடே ஓடியாடுவோர். தமிழ்நாடு அரசு 2009-இலே 'கண்ணொளி காப்போம்' என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிப்பிள்ளைகளின் கண்ணைச் சோதித்து இலவசமாய்க் கண்ணாடி வழங்கிற்று. மிக நல்ல செயல். ஆயின் கரும்பலகையைப் பார்க்கக் கொடுத்த அக்கண்ணாடியையே பிள்ளை திடலுக்கும் அணிந்து செல்கின்றான். அஃதன்றி அவனுக்குப் பந்து தெரியாது. சாதாரணச் சட்டகம் அடி தாங்காது. வில்லை கண்ணாடியாயின் சில்லுகள் விழியிற் பாயும். அரசே வாங்கி அரசே கொடுக்கும் பொருளாதலால், இலவசக் கண்ணாடிகளின் வில்லை பாலிகார்பனேட்டாகவே இருக்கவேண்டுமென ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுதல் அரிதன்று. பார்வைச் சோதனையின்போதே ஒற்றைக்கண் பார்வையுடைய பிள்ளைகளைக் குறித்து, உடற்கல்வி ஆசிரியர் கையில் அப்பட்டியலைக் கொடுத்துவிடவும் கூடும்.

எஞ்சியிருப்பது மேட்டுக்காட்டு ஆட்டம். அங்கே விதியும் செல்லாது, கருவியும் செல்லாது. ஆசிரியர் சொல்லும் மூத்த பையன்கள் சொல்லும் மட்டுமே செல்லும். புள்ளின் கூரை மழுக்கி ஆடலாம். வேடிக்கை பார்ப்போரை அடிப்பவனுக்குப் பின்னே நிறுத்தலாம். அடிபட்ட கண்ணைத் தேய்க்காமலும், அழுத்திக் கட்டாமலும், தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ பிழியாமலும், ஒரு காகிதக் குவளையைக் கண்குழியின்மேற் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனை சேர்க்கவேண்டும். சேலத்தில் நெடுநாளாகவும், நாமக்கல்லில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருத்தலின், எவ்வூரினின்றும் அதற்குள் சென்று சேர்தல் இயலும்.