மைலோ கப்பும் செம்பனைக் குலையும்

போன தைப்பூசத்துக்கு நம்ம தண்ணீர்ப் பந்தலுக்கு 'மக்கும் கப்' வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? மோருக்கு நல்லாத்தான் இருந்தது. சூடா மைலோ ஊற்றியதும் நெளிஞ்சு போச்சு. "இது என்ன பிளாஸ்டிக், அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

அதன் பெயர் பி.எல்.ஏ. லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. 60 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளகிவிடும்.

இந்த அமிலம் நமக்குப் புதுசு இல்லை. உறை ஊற்றிய பாலில் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று இதை வெளியிடுவதால்தான் தயிர் புளிக்கிறது. ஆலையிலும் அதே வேலைதான். பாலுக்குப் பதில் சோளம், கரும்பு. தாய்லாந்தின் ராயோங்கில் கரும்புச் சர்க்கரையிலிருந்து பி.எல்.ஏ. செய்கிறார்கள்.

சாப்பிடுகிற சர்க்கரையை ஏன் கப்பாக்கணும்? நம்ம ஆலைகளில் பழம் உதிர்த்த செம்பனை வெறுங்குலை மலையாகக் குவிகிறதே! 100 கிலோ பழக்குலையில் 20 கிலோவுக்கு மேல் இந்தச் சக்கைதான். அதிலும் சர்க்கரை உண்டு, ஆனால் பூட்டி வைத்த சர்க்கரை. நாரில் உள்ள செல்லுலோஸ் என்பதே நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதைச் சுற்றி லிக்னின் பசைபோல் இறுகியிருக்கும். சக்கையைத் துண்டாக்கி, காரத்திலோ அமிலத்திலோ நீராவியிலோ வேகவைத்துத்தான் அதைத் தளர்த்த முடியும். அளவுக்கு மீறி வேகவைத்தால் ஃபர்ஃபியூரல் போன்ற பொருள்கள் உண்டாகி நுண்ணுயிர்களையே முடக்கிவிடும். பதமாக வெந்த பிறகு என்சைம்கள் சங்கிலியை வெட்டி குளூக்கோஸாக்கும். செலவும் சிக்கலும் பெரும்பாலும் இந்தப் பூட்டைத் திறப்பதில்தான்.

அதற்கப்புறம் நுண்ணுயிர்கள் ஏமாற்றுவதில்லை. கணக்குப்படி ஒரு கிலோ குளூக்கோஸ் ஒரு கிலோ லாக்டிக் அமிலமாகலாம். எத்தனால் காய்ச்சினால் பாதி எடை கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஆனால் அமிலம் கூடக் கூட, அதைச் சுரக்கும் நுண்ணுயிருக்கே ஆகாது. அதனால் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். பிறகு அமிலத்தைப் பிரிக்கக் கந்தக அமிலம் ஊற்றினால், ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் மிஞ்சும். கழிவிலிருந்து இன்னொரு கழிவு! இதைத் தவிர்க்கும் வழிகளை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

இன்னொன்று. அந்தக் கப் மக்குவது 60 டிகிரி சூடு நிற்கும் உர ஆலைக் குவியலில்தான். சாக்கடையில் விழுந்தால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். நாம் அன்று குப்பைத் தொட்டியில் போட்டது எந்த உர ஆலைக்கும் போகவில்லை.

இந்த வருஷம் மைலோவுக்கு எவர்சில்வர் டம்ளர். கழுவ ஆள் போதாது, பெயர் கொடுங்க.