மழை விட்ட மறுநாள், வான்கூவரில்

வான்கூவர் நகருக்குள் குளிர்காலம் பெரும்பாலும் மழைக்காலம்தான். கீழே மழை பெய்யும்போது எதிரே வடகரை மலைகளில் அதுவே பனியாக விழும். ஆகவே மழை விட்டு வானம் வெளுத்ததும் கிளம்பிவிடுங்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால் மேகம் திரும்பி வந்துவிடும்.

கிட்சிலானோ, ஸ்பானிஷ் பேங்க்ஸ் கடற்கரைகளில் நின்றால் கடலும் பனிமலையும் சேர்ந்தே தெரியும், செலவில்லாமல். வெயில் தெற்கிலிருந்து மலைமேல் விழுவதால் நண்பகலிலும் படம் நன்றாக வரும். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

வாட்டர்ஃப்ரண்ட் நிலையத்திலிருந்து லான்ஸ்டேல் கீ போகும் சீபஸ் படகில் முன்வரிசை இருக்கையைப் பிடியுங்கள். பயணம் சுமார் 12 நிமிடம்தான். என்னைக் கேட்டால் சுற்றுலாப் படகுகளைவிட இதுவே மேல்.

பனியைத் தொட்டுப் பார்க்க ஆசையா? லான்ஸ்டேல் கீயிலிருந்து 236-ஆம் எண் பேருந்து கிரவுஸ் மலையடிவாரம் வரை போகிறது. மேலே போக கேபிள் கார். கட்டணம் கூடுதல் என்பதால் சீட்டு வாங்குமுன் மலையுச்சி நேரடிக் கேமராவைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் பணம் வீண். நகரைவிட அங்கே பல டிகிரி குளிர் அதிகம். கையுறை, வழுக்காத காலணி அவசியம்.