காவிரி வாயிற் கானல்

தமிழ் நூல்களைப் பயிலும் மாணவர் பலர் ‘கானல்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் வெயிலிற் றோன்றும் பொய்ந்நீரையே நினைக்கின்றனர். அச்சொல்லிற்குக் கடற்கரைச் சோலை என்னும் பொருளும் உண்டு. நெய்தற்றிணைச் செய்யுட்களில் மிகுதியும் பயில்வது இப்பொருளே. சிலப்பதிகாரத்தின் ஏழாம் பகுதி ‘கானல்வரி’ எனப் பெயர் பெற்றதும் இதுபற்றியேயாம். ஊருக்கும் அலைவாய்க்கும் இடையே ஒரு சோலை நிற்றல் நம் முன்னோர் கண்ட கடற்கரையின் இயல்பு. அச்சோலை கண்ணுக்கு இனிமை தருவதோடு அமையாது, ஊருக்கு அரணாகவும் நிற்கின்றது. இவ்வுண்மையை நூலில் மட்டுமன்றி, பூம்புகாரிலிருந்து வடக்கே செல்லும் மணல்வழியிற் காலால் நடந்தும் கற்கலாம் என்பதை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பூம்புகார், 2020-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தினின்று பிரிக்கப்பட்ட மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. மயிலாடுதுறை, சீகாழி ஆகிய இரண்டு ஊர்களினின்றும் பேருந்துகள் செல்கின்றன. காண வருவோர் பெரும்பாலும் 1973-ஆம் ஆண்டில் அரசினரால் அமைக்கப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைச் சுற்றிப் பார்த்து, அருகிலுள்ள மணலிற் சிறிது நேரம் நின்று, மாலையில் மீள்கின்றனர். அவர்கள் கடலைக் கண்டார்களேயன்றிக் கானலைக் கண்டாரல்லர். ஆதலின், மாணவர்கள் சாயாவனத்திலேயே வண்டியை விட்டிறங்கி நடக்கத் தொடங்குதல் நலம்.

சாயாவனம் என்னும் பெயரே முதற் பாடமாகும். தேவாரம் பெற்ற இத்தலத்தின் பழம்பெயர் திருச்சாய்க்காடு. சாய் என்பது கோரை. கோரை மிகுந்த காடு சாய்க்காடு. அண்மையில் திருவெண்காடும் தலைச்சங்காடும் உள்ளன. தெற்கே செல்லின் வேதாரணியத்திற்குத் திருமறைக்காடு என்பது பழம்பெயர். அதற்கப்பால் கோடியக்காடு இன்றும் காடாகவே நிற்கின்றது. சோழநாட்டைச் சோறுடைய நாடென்றே நாம் கேட்டு வளர்ந்தோம். அந்நாட்டின் கடலோரத்தில் மட்டும் ‘காடு’ என முடியும் ஊர்ப்பெயர்கள் இத்துணை நெருங்கி நிற்பது எண்ணத்தக்கது. வயலும் கடலும் ஒன்றையொன்று நேரே தொடவில்லை என்பதையும், நடுவே காடு கிடந்தது என்பதையும் இப்பெயர்கள் உணர்த்துவனவாகக் கொள்ளலாம்.

சாயாவனத்தைக் கடந்து கிழக்கே நடப்போர் தங்கள் காலடியில் மண் மாறுவதை நோக்குக. முதலில் வண்டல், அதில் நெல், வாய்க்கால், வரப்பு ஆகிய மருதக் காட்சிகள். காவிரியோ இங்குப் பேராறாகத் தோன்றுவதில்லை. முக்கொம்பிற் கொள்ளிடம் பிரிந்து வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொண்டு செல்கின்றது. எஞ்சிய நீரும் பல கிளைகளாகப் பிரிந்து வயல்களிற் செலவாகின்றது. ஆகவே கடலையடையுங்கால் காவிரி ஒரு வாய்க்காலின் அகலமே உடையதாகின்றது. கோடையில் அதன் வாயை மணற்றிட்டு அடைத்து நிற்பதும் உண்டு. சிறிது தொலைவில் வண்டலோடு மணல் கலக்கின்றது. நெல் ஒழிந்து தென்னையும் பனையும் வருகின்றன. பின்னர் மணலே நிலமாகின்றது. மருதம் நெய்தலாக மாறுவதை வகுப்பறையில் ஒரு நாழிகையிற் சொல்லிவிடலாம். கால் வழியாக அறிந்தது எளிதில் மறவாது.

கடற்கரையை அடைந்தபின் வடக்கே திரும்பின், மீனவர் குப்பங்களுக்கு இடையிடையே சவுக்கந்தோப்புக்களின் ஊடே ஒற்றையடிப்பாதைகள் செல்லும். திருமுல்லைவாசல் வரை இத்தகைய கரையே. தோப்பினுட் புகுந்தவுடன் அலையோசை தாழ்ந்து, சவுக்கின் இரைச்சல் மேலோங்கும். வெயில் தணியும், காலடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும், வழி பல கிளையாகும். மணல்மேட்டை ஏறியிறங்கினால், ஆளற்ற நெடிய வெண்மணற்பரப்பும் அதன் எல்லையில் நுரைக்கோடும் ஒருங்கே வெளிப்படும். அவ்விடத்திற் பேச்சு தானே அடங்கிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம்.

இனி, இக்கானலில் நிற்கும் செடி கொடிகளை அறிதல் வேண்டும். சவுக்கு நம் நாட்டுப் பழைய மரமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சென்னை இராசதானியில் விறகிற்காகப் பரப்பப்பட்டது. அதன் இலை என்று நாம் கருதும் ஊசிகள் உண்மையிற் கணுக்களையுடைய சிறு கிளைகளேயாம். இலைகளோ அக்கணுக்களைச் சுற்றிச் செதில்களாகச் சுருங்கியுள்ளன. அதன் வேர் முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உணவாக்கிக் கொடுத்தலால், வளமற்ற மணலிலும் அம்மரம் செழிக்கின்றது. பண்டைப் புலவர் அறிந்த கானல் மரங்கள் புன்னையும் தாழையும். புன்னைவித்தின் நெய் விளக்கெரிக்கவும், அதன் மரம் படகு செய்யவும் பயன்பட்டன. தாழை, தண்டினின்று விழுதுகளை ஊன்றி மணலிற் கால் பரப்பி நிற்கும்.

கடலை நோக்கி இன்னும் முன்னே சென்றால் மரங்கள் நின்றுவிடும். அங்கே படர்வது அடும்பு. ஆட்டின் குளம்பு போலப் பிளந்த இலை உடைமையால் அதனை ஆட்டுக்காலடம்பு என்றும் கூறுவர். அதனோடு இராவணன் மீசை என்னும் முட்புல்லும் காணப்படும். இவ்விரண்டும் எளியனவெனத் தோன்றினும் கரையின் முதற் காவலர் இவையே. காற்றிற் பறந்து வரும் மணல் இவற்றின் தண்டிலும் இலையிலும் தடையுண்டு தங்குகின்றது. மணல் மூட மூட இவை மேலும் வேரூன்றி மேலெழுகின்றன. மணல்மேடு என்பது காற்றும் கொடியும் கூடிக் கட்டிய கரையாகும்.

அம்மேடு செய்யும் வேறொரு நன்மை கண்ணுக்குப் புலப்படாதது. ஒருமுறை மாசி மாதத்தில் மாணவர் சிலருடன் யாம் சென்றபோது, கொண்டு சென்ற நீர் தீர்ந்துவிட்டது. வலை செப்பனிட்டுக் கொண்டிருந்த முதியவர் ஒருவரைத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என வினவினோம். அவர், “ஐயா, ரொம்ப தூரம் போக வேண்டாம், மேட்டுக்கு இந்தப் பக்கம் தோண்டினா நல்ல தண்ணி வரும், அந்தப் பக்கம் தோண்டினா உப்பு” என்றார். அவர் காட்டிய இடத்தில் ஆழமற்ற ஊற்றொன்று இருந்தது. அந்நீர் இனிமையாகவே இருந்தது. இதன் காரணம் எளிது. மழைநீர் மணலில் இறங்கி, தன்னினும் கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி உயர்ந்து நிற்பின், கடல்மட்டத்தின் கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருத்தல் கூடும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேட்டை வாரிச் சமமாக்கினால் நன்னீர் தங்கும் இடம் குறையும், உவர் உள்ளேறும். மணலை அள்ளுவோர் மணலோடு குடிநீரையும் அள்ளிச் செல்கின்றனர் என்பது மிகையாகாது.

இங்கு ஒரு வினா எழும். கானல் அரணாயின், கானல் சூழ்ந்த புகார் ஏன் அழிந்தது? கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையிற் காணப்படும் பெருநகர் இன்று எங்கே? 1962-ஆம் ஆண்டு முதலாக இந்தியத் தொல்பொருள் துறையினர் செய்த அகழாய்வில், கீழையூரில் செங்கற்களாற் கட்டிய படகுத்துறையொன்று மரத்தூண்களுடன் வெளிப்பட்டது. பல்லவனீச்சரத்திற் பௌத்த விகாரம் ஒன்றின் அடித்தளம் காணப்பட்டது. பின்னர், கடலடியிலும் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் ஆராய்ந்தனர். கடல் நிலத்தை நெடுங்காலமாக அரித்து வந்தமைக்குச் சான்றுகள் உள. ஆகவே கானல் கடலை என்றைக்கும் தடுத்துவிடும் என்று கூறுதல் பொருந்தாது. கரையென்பது ஓயாது கொடுத்து வாங்கும் ஒரு கணக்கு. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் கரையோரமாக வடக்கே நகர்கின்றது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே நகர்கின்றது. கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய செலவே மிகுதி. இக்கணக்கில் வரவு எழுதுவது ஆறு. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிவு பெற்றது. அதுபோன்ற அணைகள் நீரைத் தேக்குவதோடு வண்டலையும் மணலையும் தேக்குகின்றன. வரவு குறைந்த வீட்டில் இருப்பைக் காத்தல் இன்றியமையாதது அன்றோ? மணல்மேடும் கானலுமே கரையின் இருப்பு.

அவ்விருப்பின் பயனை 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் காட்டிற்று. அன்றைய ஆழிப்பேரலையில், அக்காலத்துப் பூம்புகாரையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மாவட்டத்து வேதாரணியப் பகுதியிலுள்ள நாலுவேதபதி என்னும் சிற்றூரார், 2002-ஆம் ஆண்டில் ஒரே நாளில் எண்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டிருந்தனர். உலகச் சாதனை நூலில் இடம்பெறுதற்கு நட்ட அக்கன்றுகள், இரண்டே ஆண்டில் வந்த அலையின் வேகத்தைத் தணித்து ஊரின் சேதத்தைப் பெரிதும் குறைத்தன. கடலூர் மாவட்டத்தில் ஆய்ந்தோரும், அடர்ந்த மரங்களின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன எனக் கண்டனர்.

இதுகொண்டு, கரை முழுவதும் சவுக்கை நட்டுவிடுக என்று முடிவு செய்தலும் பிழையாகும். மீனவர்க்குப் படகேற்றவும், கரைவலை இழுக்கவும், மீன் உலர்த்தவும் வெறுமணல் வேண்டும். பங்குனி ஆமைக்கும் அஃது இன்றியமையாதது. தை முதற் பங்குனி வரையிலான இரவுகளில் அவ்வாமை கரையேறி, மணலிற் குழிதோண்டி நூறு முட்டையளவு இட்டு, குழியை மூடிக் கடலுக்கு மீள்கின்றது. ஏறக்குறைய ஐம்பது நாளிற் குஞ்சுகள் வெளிவந்து, வெளிச்சம் மிகுந்த திசையைக் கடலெனக் கொண்டு விரைகின்றன. கரையில் விளக்கிருப்பின் அவை ஊரை நோக்கிச் சென்று மடியும். சவுக்கு அலைவாய் வரை வந்துவிட்டால், அதன் வேரும் சருகும் ஆமைக்குக் குழிதோண்ட இடங்கொடா. எனவே, அலைவாயில் வெறுமணல், அதன் பின் அடும்பும் புல்லும், அதன் பின் மணல்மேடு, மேட்டின் பின் மரச்சோலை, அதன் பின்னரே வீடு என்னும் வரிசையைக் காத்தலே முறை. நெய்தல் பாடிய புலவரின் கானலும் இவ்வரிசையில் தன் இடத்தைப் பெறும்.

இவ்வழி நடக்க விரும்பும் மாணவர் சில விதிகளைக் கைக்கொள்க. தைக்கும் மாசிக்கும் இடைப்பட்ட காலம் நடைக்கு ஏற்றது. விடியலிற் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலை அடைக. நீரும் உணவும் உடன்கொண்டு, எஞ்சிய தாளையும் உறையையும் மீண்டும் பையிற் கொணர்க. தோப்புக்கள் பலவும் உடைமையாளர் உடையன; விறகு ஒடித்தலும் தீ மூட்டலும் கூடா. அடும்பை அறுத்து விளையாடற்க. கரை தனித்திருத்தலால் மனம் நீராட விழையும். ஆனால் ஆழமும் இழுப்பும் ஓரிடத்திற்போல் மற்றோரிடத்தில் இரா. உதவிக்கு ஆளில்லாத கரையிற் கடலில் இறங்காதிருத்தலே அறிவுடைமை. குப்பத்தைக் கடக்கும்போது பெரியோரை வணங்கி வழி கேட்பின், வழியோடு காற்றும் கடலும் பற்றிய செய்திகளும் கிடைக்கும்.

தனிமையான கடற்கரையைத் தேடித் தொலைதேசத் தீவுகளுக்குச் செல்வோர் இக்காலத்துப் பலர். அவ்வின்பத்தை யாம் குறை கூறவில்லை. ஆயினும், ஒரு நாட்பொழுதில் நடந்து மீளத்தக்க கானல் நம் காவிரியின் வாயிலேயே இருத்தலை அறியாதிருத்தல் கற்றோர்க்கு அழகன்று. கலைக்கூடத்திற் கண்ணகியின் கதையைக் கல்லிற் காண்க. அதன்பின் கானலினுட் சென்று அவள் நகரின் நிலத்தை மணலிற் காண்க. எதிர்காலத்தில் உங்களுள் ஒருவர் ஊராட்சித் தலைவராகவோ, பொறியாளராகவோ, தோப்புக்கு உரியவராகவோ அமர்ந்து, இம்மேட்டைச் சமமாக்கலாமா என்னும் வினாவிற்கு விடை கூற நேரலாம். அன்று கோப்பில் உள்ள வரைபடத்தை மட்டும் நோக்காது, மேட்டின் இப்பக்கத்து இனிய நீரையும் நினைந்து கையெழுத்திடுவீர்களாக.