மிளகுக் கொடித் துண்டும் அடியழுகல் நோயும்

மலேசியாவில் விளையும் மிளகில் மிகப் பெரும்பகுதி சரவாக் மாநிலத்திலிருந்து வருகின்றது. தீபகற்பத்தில் ஜொகூரிலும் ஓரளவு பயிரிடப்படுகின்றது. தோட்டப்புற வீடுகளின் கொல்லையில், கல்யாண முருங்கை மரத்தில் இரண்டொரு கொடிகளை ஏற்றிவிட விரும்புவோருக்கும் இஃது ஏற்ற பயிரே. ஆனால், நட்டபின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்து காய்பறிக்க வேண்டிய இக்கொடி, அடியழுகல் நோய் பற்றினால் இரண்டு மூன்று வாரங்களிலேயே பட்டுப்போகும். 1950ஆம் ஆண்டுகளில் சரவாக் மிளகுத் தோட்டங்களில் இந்நோய் பெருஞ்சேதம் விளைவித்தது. ஆகவே, துண்டு வெட்டும் நாளிலேயே நோயைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தாங்கு மரத்தைப் பற்றிக்கொண்டு நேரே மேலேறும் இளந்தண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். கணுக்களில் பற்றுவேர் இருப்பது அதன் அடையாளம். காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி நட்டால் அது மேலேறாது, புதராகவே நின்றுவிடும். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்னதாக நுனியைக் கிள்ளிவிட்டால் கணுக்கள் திரட்சி பெறும். ஐந்து கணுக்கள் கொண்ட துண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, மேற்கணுவின் இலைகளை மட்டும் விட்டு, மூன்று கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு சாய்வாக நடுக. மணல் கலந்த மண்ணும் நிழலும் தேவை. ஈரம் இருக்க வேண்டும், நீர் தேங்கலாகாது. அண்டை வீட்டாரிடம் இலவசமாகத் துண்டு பெறுவோர், தாய்க்கொடி நிற்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருதல் நலம். பக்கத்தில் பட்டுப்போன கொடி இருந்தால் அத்துண்டு வேண்டவே வேண்டாம்.

அடியழுகலைப் பூஞ்சை நோய் என்றே வழங்குகிறோம். உண்மையில் இதனை உண்டாக்கும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர், பாசியினத்துக்கு நெருங்கிய நீர்ப்பூஞ்சை வகையாகும். அதன் வித்துகள் மண்ணின் ஈரத்தில் நீந்திச் சென்று வேரையும் அடித்தண்டையும் அடைகின்றன. இதனால்தான் கார்பெண்டசிம் போன்ற, மெய்ப்பூஞ்சைகளைக் கொல்லும் மருந்துகளை எவ்வளவு தெளித்தாலும் பயன் கிட்டுவதில்லை. செம்பு கலந்த போர்டோக் கலவை பயன் தரும். அதுவும் நோய் வருமுன் இட்டால்தான்.

நூறு கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் நீரிலும், நூறு கிராம் சுண்ணாம்பை வேறு ஐந்து லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்குக. இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் தோய்த்துப் பார்த்தால் செந்நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அன்றே அடித்தண்டிலும் கீழிலைகளிலும் தெளித்து, அடிமண்ணிலும் ஊற்றுக. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதனைச் செய்துவிட வேண்டும்.

மருந்தைவிட வடிகாலே முதன்மையானது. கொடியை மேட்டில் நட்டு, தரையோரக் கிளைகளையும் இலைகளையும் நீக்கிவிடுக. புல் ஒன்றுகூட இல்லாமல் செதுக்கி வைப்பது நம்மவர் வழக்கம், பார்வைக்கு அழகுதான். ஆனால் வெற்றுத் தரையில் விழும் மழைத்துளி, சேற்றோடு நோயையும் இலைமேல் தெறிக்கச் செய்கின்றது. மண்வெட்டியும் வேரைக் காயப்படுத்துகின்றது. கொடிகளுக்கிடையே குட்டைப் புல்லை விட்டுவைக்கலாம்.

கீழிலைகளில் ஓரம் பிசிறிட்ட கரும்புள்ளிகள் தோன்றினால் உடனே அவற்றைக் கிள்ளி எரித்துவிடுக. மேலிலைகள் வாடித் தொங்கும் வேளையில் அடித்தண்டு ஏற்கெனவே அழுகியிருக்கும். அக்கொடியை வேரோடு தோண்டி அங்கேயே எரித்துவிட்டு, மண்வெட்டியையும் காலணியையும் கழுவிய பின்னரே அடுத்த கொடியின் அருகே செல்ல வேண்டும்.