அருவியில் கொட்டினாலும் அமானிதமே

 

சாரல் தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் குற்றாலப் பேச்சுத்தான். கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை, புளியங்குடி என எல்லா ஊர்களிலிருந்தும் குடும்பத்தோடு வேன் பிடித்துக் கிளம்புகிறோம். பேரருவியில் குளிப்பதும், கொண்டுபோன சாப்பாட்டைச் சேர்ந்து உண்பதும் அல்லாஹ் தந்த நிஃமத்துகள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால், திரும்பும்போது அங்கே எதை விட்டுவிட்டு வருகிறோம்?

அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பை, தட்டு, டம்ளர் ஆகியவற்றுக்குத் தமிழகம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. அப்படியிருந்தும், “இவ்வளவு தண்ணீர் கொட்டுகிறதே, ஒரு பாக்கெட் ஷாம்புவால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

ஓடும் ஆற்றிலும் கணக்கு உண்டு

ஸஅது (ரலி) அவர்கள் ஒளுச் செய்யும்போது தண்ணீரை அதிகமாகச் செலவழிப்பதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஒளுவிலும் வீண்விரயம் உண்டா என்று அவர் கேட்க, ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உண்டு என்று பதில் வந்தது. இச்செய்தி இப்னுமாஜாவில் இடம்பெற்றுள்ளது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, நமக்கு எவ்வளவு தேவை என்பதே அளவுகோல். நபியவர்கள் ஒரு ‘முத்து’ தண்ணீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ்களில் காண்கிறோம். அது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு, ஒரு லிட்டருக்கும் குறைவு. நம் குழாயடியில் எத்தனை முத்து ஓடுகிறது?

விரயத்தைவிடப் பெரிய விஷயம், அசுத்தம் செய்வது. மக்கள் நீர் எடுக்கும் இடம், நடைபாதை, நிழல் ஆகியவற்றில் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள்.

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. நாம் குளித்த தண்ணீர் கீழே ஒரு விவசாயியின் வயலுக்குப் போகிறது, ஒரு தாயின் குடத்தில் நிறைகிறது. அதைக் கெடுப்பது ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டது. பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புப் பெறவேண்டிய குற்றம் அது. முகம் தெரியாத அந்த மனிதரை எங்கே போய்த் தேடுவோம்?

அண்டை வீட்டாரும் இதையே சொல்கிறார்கள்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக மழையின் சிறப்பைத்தான் வைத்தார். குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. இந்து சகோதரர்கள் கோயில்காடுகளில் மரம் வெட்டாமல் தலைமுறைகளாகக் காத்துவந்திருக்கிறார்கள். கத்தோலிக்கர்களின் தலைவராக இருந்த போப் பிரான்சிஸ், 2015இல் பூமியைப் பொது வீடு என்று குறிப்பிட்டு ஒரு நீண்ட மடலே எழுதினார். அதே ஆண்டு இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் பருவநிலை மாற்றம் குறித்து ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள்.

“கொள்கை வேறாக இருக்க, அவர்களோடு சேரலாமா?” என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. வணக்கத்தில் கலப்பு இல்லை. அதில் நமக்கு எந்தச் சமரசமும் கிடையாது. ஆனால் நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவும்படி அல்குர்ஆன் (5:2) கட்டளையிடுகிறது. நுபுவ்வத்துக்கு முன், அநீதி இழைக்கப்பட்ட ஒரு வியாபாரிக்காக மக்காவில் ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ ஒப்பந்தம் நடந்தது. அதில் பங்குகொண்ட நபியவர்கள், இஸ்லாம் வந்த பின்னும் அப்படியொரு அழைப்பு வந்தால் ஏற்பேன் என்றார்கள்.

1986இல் இத்தாலியின் அசிசி நகரில் முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்கள், யூதர்கள் ஒன்றுகூடினார்கள். ஐந்து சமயத்தாரும் தத்தம் மார்க்கத்தின் அடிப்படையில் தனித்தனியே அறிக்கை தந்தார்கள். இயற்கையைக் காக்கவேண்டும் என்ற முடிவில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். நமக்கும் இதுவே வழி.

இந்தச் சாரலில் நாம் செய்யக்கூடியவை

• சோப்பு, ஷாம்பு, எண்ணெயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுவோம்.
• சாப்பாட்டைப் பாத்திரத்திலும் துணிப்பையிலும் கொண்டுபோவோம். குப்பையைத் திரும்ப எடுத்துவருவோம்.
• ஒளுச் செய்யும்போது குழாயைச் சிறிதளவே திறப்போம். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.
• தெருவில் உள்ள எல்லாச் சமயத்தாரோடும் சேர்ந்து வாய்க்காலைச் சுத்தம் செய்வோம், மரம் நடுவோம். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது ஸதகா என்பது நபிமொழி.

வீட்டில் பேச ஒரு கேள்வி: நம் வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது? அங்கே யார் குடியிருக்கிறார்கள்?

பூமியை நம்மிடம் அமானிதமாகத் தந்த அல்லாஹ், அதைப் பேணிக் காக்கும் நல்லடியார்களில் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.