அருவி நீராட்டும் வெள்ளக் குறிகளும்

ஆனி, ஆடியில் சாரல் வீழத் தொடங்கினால் மக்கள் குற்றாலத்திற்குத் திரள்வது யாவரும் அறிந்ததே. நாமும் அத்திரளில் நின்று தலை நனைத்தவர்களே. அவ்வின்பத்தைக் குறை கூற வரவில்லை. ஆயின் 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கவர்ந்தது. அது சாரற் காலமன்று. கோடை மழைக் காலம்.

மலையாறு சமவெளி ஆற்றைப் போன்றதன்று. சரிவு மிகுதி; வழியோ குறுகியது. உச்சிக் காட்டில் பெய்த மழை சிறிது நேரத்திற்குள் அருவியில் இறங்கிவிடும். அடிவாரத்திலோ வெயில் காய்ந்துகொண்டிருக்கும்! வானத்தை நம்பியவர் ஏமாறுவது இதனாலேயே. பார்க்க வேண்டியது நீரை. தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் மிகும். இவற்றுள் ஒன்று தோன்றினும், கரையில் வைத்த துணியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் தேடி நில்லாமல் மேட்டில் ஏறிவிட வேண்டும்.

அருவியோ காட்டாறோ தம் எல்லையிலுள்ள ஊராட்சி உறுப்பினர்கள், வனத்துறையின் இசைவு பெற்று, உள்ளூர்வாசி ஒருவரை ஊதலுடன் அருவிக்குச் சற்று மேலே, கீழே குளிப்போருக்குக் கேட்கும் தொலைவில் நிறுத்தலாம். மலையடியில் ஆடு மேய்த்துப் பழகியவர்க்கு இக்குறிகளைக் கற்பிக்க வேண்டியதில்லை. சாரற் காலத்தில் மட்டுமன்று, கோடை மழை நாட்களிலும் அவர் அங்கே இருத்தல் வேண்டும்.